யாரும் பறக்காத இடம்

நவம்பர் 16

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்திலிருந்து நம் வீட்டில் நடப்பதையெல்லாம் நடந்தது நடந்தபடி எழுதுவதென்று முடிவு செய்திருக்கிறேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். யார் என்ன சொன்னாலும் அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதுவேன். நீங்கள் தென்துருவத்தில் பனியின் மேல் கூடாரம் போட்டு உட்கார்ந்திருக்கும்போது, வீட்டைப் பற்றி யாராவது ஒருவர் உங்களுக்கு உண்மையைச் சொல்லத்தானே வேண்டும். அம்மாவை எழுதச் சொன்னேன். "எனக்கு எழுத ஒண்ணும் இல்ல" என்றாள். பாருங்கள், ஆரம்பித்துவிட்டேன்.

இங்கே நானும் அம்மாவும் நலம். அங்கே உங்கள் நலமும், போன வருடம் குளிரில் தோலுரிந்துபோன உங்கள் மூக்கின் நலமும் அறிய ஆவல்.

முதலில் அந்த சாட்டிலைட் போன் விஷயம். ஒருவர் பேசுவது மற்றவருக்கு இரண்டு விநாடி கழித்துத்தான் கேட்கும் என்று அம்மாவுக்கு விளக்கினேன். "இந்தத் தடவையாவது பிப்ரவரியில வந்துடுவீங்களா?" என்று அவள் கேட்டபோது நீங்கள் உடனே பதில் சொல்லாதது உங்கள் தயக்கம் இல்லை, கருவியின் தாமதம் என்று படம் வரைந்துகூடக் காட்டினேன். அம்மா படத்தைப் பொறுமையாகப் பார்த்தாள். பிறகு, "கருவி தயங்குறதுக்கும் ஆள் தயங்குறதுக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியாதா? பதினஞ்சு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன்" என்றாள். அதற்குப் பிறகு நீங்கள் கூப்பிட்டபோதெல்லாம் அவள் எடுக்காததற்கு இதுதான் காரணம். கை வேலையாக இருந்தது என்று நான் உங்களிடம் சொன்னது சரியில்லை. இனி அப்படிச் சொல்ல மாட்டேன்.

இப்போது என் செய்தி. மார்ச் மாதம் முதல் வாரம் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. நான் தென்துருவத்தை எடுத்துக்கொண்டேன். அறிவியல் மிஸ், "தெர்மாகோல்ல வெட்டி, மேல பஞ்சு ஒட்டிடு, ரெண்டு பென்குயின் வச்சிடு" என்றார். எனக்கு அதில் விருப்பமில்லை. பஞ்சை ஒட்டுவதற்கு ஏழாம் வகுப்புவரை படித்திருக்க வேண்டியதில்லை. பனியை முழுக்க எடுத்துவிட்டால் அடியில் இருக்கும் நிலம் எப்படி இருக்கும் என்று செய்து காட்டப்போகிறேன். நூலகத்தில் இருக்கும் நான்கு உலகப்படப் புத்தகங்களிலும் அந்த இடம் வெள்ளையாகத்தான் இருக்கிறது. படம் போட்டவர்களுக்கு மை மிச்சமாகியிருக்கும்.

உங்கள் வேலையே அதை அளப்பதுதானே? எண்களை எனக்கு அனுப்புங்கள். கண்காட்சிக்கு நீங்களும் வர வேண்டும். கடைசி விமானம் பிப்ரவரியில் கிளம்பினால் சரியாக இருக்கும்.

உங்கள் அன்பு மகள்,
அகராதி

&nbsp;

நவம்பர் 30

என் அருமை அகராதிக்கு,

உன் கடிதத்தைக் கூடாரத்தில் உட்கார்ந்து மூன்று தடவை படித்தேன். வாரத்துக்கு ஒரு முறைதான் இங்கே கடிதங்கள் வந்துபோகும். எழுத்து மட்டும் வரும், படம் வராது. அதனால் உன் எழுத்துதான் எனக்குப் படம். மூக்கு பத்திரமாக இருக்கிறது. இந்த வருடம் காது.

பனியை எடுத்துவிட்டால் என்ன தெரியும் என்று கேட்டிருக்கிறாய். உலகப்படத்தில் நீ பார்க்கிற அந்த வட்டமான வெள்ளைக் கண்டம் தெரியாது. கிழக்குப் பாதி பெரிய நிலமாக இருக்கும். மேற்குப் பாதி சிதறிப்போய்த் தீவுக்கூட்டமாகிவிடும். நடுவில் கடல் புகுந்திருக்கும். பனிக்கு அடியில் முழுசாகப் புதைந்த ஒரு மலைத்தொடர் இருக்கிறது. அதன் ஒரு சிகரத்தையும் எந்த மனிதக் கண்ணும் பார்த்ததில்லை. வடதுருவத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய பனித்தீவின் கதை வேறு. அதன் பனியை எடுத்தால் சாப்பாட்டுக் கிண்ணம் மாதிரி இருக்கும், சுற்றிலும் மேடு, நடுவில் பள்ளம்.

இதையெல்லாம் எப்படித் தெரிந்துகொள்கிறோம் என்றால், எங்கள் சின்ன விமானம் நேர்கோட்டில் பறக்கும். இறக்கைக்கு அடியில் இருக்கும் ரேடார் கீழே அலையை அனுப்பும். பனியின் மேல்பரப்பிலிருந்து ஓர் எதிரொலி வரும். அடியில் இருக்கும் பாறையிலிருந்து இன்னோர் எதிரொலி வரும். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் பனியின் தடிமன். அந்த ரேடார் வேலைநிறுத்தம் செய்யாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. விமானி பறக்கும்போது பாடுகிறார். அவர் பாட்டைக் கேட்பதற்கு ரேடாரின் இரைச்சலே பரவாயில்லை.

ஒன்றை மறக்காதே. நாங்கள் பறந்த கோட்டுக்கு நேர் கீழே இருப்பதுதான் எங்களுக்குத் தெரியும். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவே தெரியாது. அங்கே இந்தப் பக்கத்து உயரத்தையும் அந்தப் பக்கத்து உயரத்தையும் பார்த்து, நடுவில் வழவழவென்று இணைத்து வரைந்துவிடுவோம். போன வருடம் அப்படிச் சமவெளி என்று வரைந்த இடத்தில் இந்த வருடம் பறந்து பார்த்தால் ஒரு பள்ளத்தாக்கு. நம் ஊரைத் தூக்கி அதில் வைத்தால் தண்ணீர்த் தொட்டியின் தலைகூட வெளியே தெரியாது.

எண்களைக் கீழே கட்டம் கட்டமாக அடித்திருக்கிறேன். யாரும் பறக்காத இடத்தில் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

நடந்ததை நடந்தபடி எழுதுவேன் என்றாயே, அது எனக்குப் பெரிய உதவி. அம்மா என்னைப் பற்றி ஏதாவது சொன்னால் அதையும் எழுது. நல்லதானாலும் சரி, கெட்டதானாலும் சரி.

அன்புடன்,
அப்பா

&nbsp;

டிசம்பர் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

எண்கள் வந்து சேர்ந்தன. மிக்க நன்றி. உங்கள் காதுக்கு என் அனுதாபங்கள்.

மாதிரியைச் செய்தித்தாள் கூழில் செய்யத் தொடங்கினேன். மலைத்தொடர் வரை நன்றாக வந்தது. மறுநாள் காலை பார்த்தால் கண்டம் முழுவதும் ஒரு பக்கமாகச் சரிந்து மேசைக்காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தது. அம்மா ஈரத்துணியுடன் வந்து நின்றாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் கூழை விரலால் தொட்டுப் பார்த்து, "இது இறுகாது. ஞாயித்துக்கிழமை என்கூட லேபுக்கு வா" என்றாள்.

அப்பா, அம்மா பல்செட்டு செய்யும் லேபில் நான் முழுநாள் இருந்தது இதுதான் முதல் தடவை. சுவரெல்லாம் அலமாரி, அலமாரியெல்லாம் மற்றவர்களின் பல்வரிசை. ஒவ்வொன்றிலும் பல் மருத்துவர் எழுதிய சின்னச் சீட்டு. அம்மா பிளாஸ்டர் பொடியை ரப்பர் கிண்ணத்தில் போட்டு, அளக்காமலேயே தண்ணீர் ஊற்றிக் கலக்கினாள். உங்கள் கட்டங்களில் இருக்கும் எண்ணை நான் வாசிக்க வாசிக்க, அந்த உயரத்துக்குக் கம்பியை வெட்டித் தட்டில் நட்டாள். கம்பிகளுக்கு நடுவே பிளாஸ்டரை நிரப்பிக் கத்தியால் செதுக்கினாள். பல்லின் மேடு பள்ளம் செதுக்கும் அதே கத்தி. பாதி முடிந்ததும் தள்ளி நின்று பார்த்து, "கிழக்குப் பக்கம் நல்ல தாடை. மேற்கில பல்லெல்லாம் போயிருச்சு, பாவம்" என்றாள். நான் சிரித்துக்கொண்டே இருந்தேன். அவளும் சிரித்தாள். நீங்கள் போனதிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை, இது உண்மை.

பல்லை நேராக்கும் கிளிப் செய்வதற்குக் கண்ணாடி மாதிரி ஒரு பிசின் வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு பனிமூடி செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறாள். மூடியைத் தூக்கினால் நிலம் தெரியும்.

இனி நீங்கள் கேட்டபடி, உங்களைப் பற்றி அம்மா சொன்னவை.

ஒன்று: "இந்த நம்பரையெல்லாம் உங்கப்பா ஒண்ணொண்ணா உக்காந்து அடிச்சாரா? வீட்டு கரண்ட் பில்லைப் படிக்கச் சொன்னா கண்ணாடி காணோம்பாரு."

இரண்டு: உருகும் பனியெல்லாம் எங்கே போகும் என்று கேட்டாள். கடலுக்குப் போகும், கடல் ஏறும், கடலோரத்து வாசல்வரை வரும் என்றேன். "சரி, அந்தத் தண்ணியாவது அங்கேயிருந்து வீடு தேடி வரட்டும்" என்றாள்.

மூன்றாவது உங்களைப் பற்றியது என்று சொல்ல முடியாது. கட்டம் காலியாக இருந்த இடத்தில் கம்பி நட வழியில்லை. அம்மா அந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிச் சமமாக்கிவிட்டாள். அப்படிச் செய்யக் கூடாது, அது தெரியாத இடம் என்றேன். "தெரியாத இடத்தை ஓட்டையா விட்டா மத்ததும் விரிசல் விடும். இப்போதைக்கு இப்படி இருக்கட்டும், உங்கப்பா வந்து சொல்லட்டும்" என்றாள்.

இப்போது தினமும் பள்ளி விட்டு வந்ததும் உங்கள் மேசையில்தான் வேலை. உங்கள் மேசை விளக்கைப் போட்டுக்கொள்கிறோம். தப்பாக நினைக்க மாட்டீர்கள்தானே?

அன்பு மகள்,
அகராதி

&nbsp;

டிசம்பர் 28

என் அருமை அகராதிக்கு,

மேசை, விளக்கு, நாற்காலி எல்லாம் உன்னுடையது. மேற்கில் பல் போன கதையை இங்கே எல்லோருக்கும் சொன்னேன். விமானி பாட்டை நிறுத்திவிட்டுச் சிரித்தார். உன் அம்மாவுக்கு முகாமில் உள்ள அனைவரின் சார்பிலும் நன்றி.

மாதிரியில் ஒன்றை நீ முடிவு செய்ய வேண்டும். பனி மிகவும் கனம். சில இடங்களில் மூன்று, நான்கு கிலோமீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. அந்தக் கனத்தில் அடியில் இருக்கும் நிலம் அமுங்கிப்போயிருக்கிறது. பனியை எடுத்துவிட்டால் நிலம் மெதுவாக மேலே எழும்பும். உடனே இல்லை. பல ஆயிரம் வருடங்கள் ஆகும். ஆகவே பனி போன மறுநாள் தெரியும் நிலம் ஒன்று. கனம் இறங்கி, நிலம் நிமிர்ந்த பிறகு தெரிவது இன்னொன்று. இன்று கடலுக்கடியில் இருக்கும் சில இடங்கள் அப்போது கரையாகிவிடும். நான் அனுப்பிய எண்கள் இன்றைய எண்கள், அமுங்கிய நிலத்தின் எண்கள்.

இதற்குக் கீழே இருப்பதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டாதே.

உன் மாதிரியில் காலியாக இருக்கிறதே ஒரு பெரிய இடம், அங்கே பறக்க அடுத்த பருவத்தின் தொடக்கத்தில் அனுமதி கிடைத்திருக்கிறது. குளிர்கால இருட்டு முடிந்து முதல் வெளிச்சம் வந்ததும் பறக்க வேண்டுமானால், ரேடாரைக் குளிர்காலம் முழுவதும் பராமரிக்க ஒருவர் தளத்தில் தங்க வேண்டும். முகாம் தலைவர் என்னைக் கேட்டிருக்கிறார். தங்கினால் அடுத்த நவம்பர் வரை வர முடியாது. நடுவில் விமானமே கிடையாது. ஜனவரி முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும்.

அம்மா என்ன நினைக்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. போனை எடுப்பதில்லை. நான் எழுதிக் கேட்டால் கோபப்படுவாள். நீ பேச்சுவாக்கில் கேட்டுப் பார். நான் கேட்கச் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே. அவள் சொல்வதை அப்படியே எழுது.

அன்புடன்,
அப்பா

&nbsp;

ஜனவரி 11

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். பனிமூடி முடிந்துவிட்டது. முதல் மூடியில் காற்றுக்குமிழி விழுந்ததால் அம்மா அதை உடைத்துவிட்டு இரண்டாவது செய்தாள். இது தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்கிறது. நிலத்தைப் பனி போன மறுநாள் இருக்கும் நிலமாகவே வைத்துக்கொள்கிறேன். நிமிர்ந்த நிலத்துக்கு என்னிடம் எண்கள் இல்லை.

வேறு செய்தி: அம்மாவின் லேப் முதலாளி இன்னோர் ஊரில் கிளை திறக்கிறார். அதை நடத்த அம்மாவைக் கேட்டிருக்கிறார். அம்மா "இப்போ முடியாது" என்று சொல்லிவிட்டாளாம். காரணம் கேட்டேன், சொல்லவில்லை. நம் வீட்டுக் கூடத்துச் சுவருக்கு வெள்ளையடித்தோம். வெள்ளையடித்தவர் உங்கள் மேசையைச் சன்னலோரம் தள்ளிப் போட்டார், இப்போது வெளிச்சம் நன்றாக விழுகிறது. கணக்குத் தேர்வில் ஒரு மதிப்பெண் போய்விட்டது, அலகு எழுத மறந்ததால்.

நீங்கள் சொன்னபடி கேட்டேன். மாலையில் அம்மா பிளாஸ்டர் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் நின்று, "அப்பா குளிர்காலம் முழுக்க அங்கேயே தங்கிட்டா என்னம்மா?" என்றேன். அவள் சொன்னது இது:

"தங்கட்டுமே. இங்க வந்து என்ன பண்ணப் போறாரு? வந்தா ரெண்டு மாசம் இருப்பாரு, மூணாவது மாசம் பெட்டியைத் துடைக்க ஆரம்பிப்பாரு. இங்க யாரும் வாசலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கல."

ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. எனக்கு இதை எழுதவே பிடிக்கவில்லை, ஆனால் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

என் கருத்தைக் கேட்டால், நீங்கள் வர வேண்டும். கேட்கவில்லை என்றாலும் அதுதான் என் கருத்து.

அன்பு மகள்,
அகராதி

&nbsp;

ஜனவரி 25

என் அருமை அகராதிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உள்ளதை உள்ளபடி எழுதியதற்கு நன்றி. உன் வயதில் எனக்கு அந்தத் தைரியம் இருந்ததில்லை.

அம்மா சொன்னதில் தப்பு இல்லை. மூன்றாவது மாதம் நான் பெட்டியைத் துடைப்பது உண்மைதான். அவளுக்கு நான் வருவது தொந்தரவு என்றால் வந்து நிற்பதில் அர்த்தமில்லை. குளிர்காலம் தங்குவதாகத் தலைவரிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். கடைசி விமானம் பிப்ரவரி 15. அதில் என் இடத்தில் வேறொருவர் ஊருக்குப் போகிறார்.

கண்காட்சிக்கு வர முடியாதது வருத்தம்தான். நவம்பரில் வரும்போது உன் காலி இடத்துக்கு எண்கள் கொண்டுவருவேன். இதை அம்மாவுக்கு நீயே பக்குவமாகச் சொல்லிவிடு.

அன்புடன்,
அப்பா

&nbsp;

பிப்ரவரி 8

அப்பா,

எனக்குப் பக்குவமாகச் சொல்லத் தெரியவில்லை. கடிதத்தை அச்செடுத்து அப்படியே அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அம்மா லேபிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே படித்தாள். "நான் சொன்னதுல தப்பு இல்லையாமே, என்ன சொன்னேன்?" என்று கேட்டாள். நான் உங்களுக்கு எழுதிய கடிதத்தையும் எடுத்துக் காட்டினேன். அதையும் படித்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தாள். கத்துவாள் என்று பார்த்தேன். கத்தவில்லை.

"அன்னைக்கு நீயாத்தான் கேட்டேன்னு சொன்னியே" என்றாள்.

அது உண்மை, அப்பா. அவள் அந்தப் பதிலைச் சொல்லி முடித்ததும், "ஏன், அவர் ஏதாவது எழுதியிருக்காரா?" என்று கேட்டாள். நான் "இல்லம்மா, சும்மா கேட்டேன்" என்றேன். நீங்கள் காட்டிக்கொள்ளாதே என்று சொல்லியிருந்தீர்கள். அது நான் சொன்னதுதானே, அவள் சொன்னது இல்லையே என்று கடிதத்தில் எழுதாமல் விட்டேன்.

இன்னும் விட்டது இருக்கிறது. அவள் எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தாள். கழுவி முடித்த கிண்ணத்தையே மறுபடி மறுபடி கழுவினாள். அவை சொற்கள் இல்லை என்பதால் எழுதவில்லை.

அம்மா சொன்னது இதுதான். "உன்கிட்ட ஒரு பேச்சு பேசுவேன். அவர்கிட்ட வேற பேச்சு பேசுவேன். அவரு கேக்குறாருன்னு தெரிஞ்சிருந்தா, வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன். ஒரு வார்த்தைதானே."

மறுநாள் லேப் முதலாளியைப் பார்த்தேன். அம்மா பிப்ரவரி பதினாறிலிருந்து இரண்டு வாரம் லீவு எழுதிக் கொடுத்திருந்தாளாம், வீட்டுக்காரர் வருகிறார் என்று. ஜனவரி தொடக்கத்திலேயே கொடுத்துவிட்டாளாம். கிளை வேண்டாம் என்றதும் அதற்காகத்தான். நீங்கள் வந்து ஊரைவிட்டு ஊர் போகச் சங்கடப்படுவீர்கள் என்று சொன்னாளாம். முதலாளி என்னிடம், "உங்கம்மா லீவைத் திருப்பி வாங்கிக்கிட்டாங்களே, ஏன்?" என்று கேட்டார். மேசையைச் சன்னலோரம் போடச் சொன்னதும் வெள்ளையடித்தவர் இல்லை, அம்மாதான். இது எனக்கு அப்போது தெரியாது.

விமானம் பதினைந்தாம் தேதிதானே. இதைப் படித்ததும் தலைவரிடம் போய்ச் சொல்லுங்கள். கையெழுத்து என்பது வெறும் மை. தயவுசெய்து வந்துவிடுங்கள். அம்மா எழுதச் சொல்லவில்லை. நானாகத்தான் எழுதுகிறேன், இந்தத் தடவை உண்மையாகவே நானாக.

அகராதி

&nbsp;

பிப்ரவரி 22

என் கண்ணுக்கு,

புயல் வருகிறதென்று விமானத்தை முன்னாலேயே அனுப்பிவிட்டார்கள். உன் கடிதம் வந்து சேர்ந்தபோது அது போய் மூன்று நாளாகியிருந்தது. பெட்டிகளை ஏற்றிக் கதவைச் சாத்தியவனே நான்தான். இனி நவம்பர் வரை இங்கிருந்து எதுவும் கிளம்பாது.

நீ எந்தத் தப்பும் செய்யவில்லை. நீ பறந்த கோட்டில் இருந்ததை நீ சரியாக அளந்து அனுப்பினாய். நடுவில் இருந்ததை நான் வழவழவென்று வரைந்துகொண்டேன். இத்தனை வருடம் இதே வேலையைச் செய்கிறவன் நான். கிளை வேண்டாம் என்றாள், சுவருக்கு வெள்ளையடித்தாள் என்று நீ எழுதியிருந்தாய். நான் அவற்றைத் தாண்டிப் போய் அந்த நான்கு வாக்கியங்களில் நின்றேன்.

ஏன் நின்றேன் என்று இந்த வாரம் முழுவதும் யோசித்தேன். நீ உண்மையைத்தான் எழுதுகிறாய், நானும் எழுதுகிறேன். அம்மா சொன்னதைப் படித்தபோது எனக்கு வலித்தது. கூடவே உள்ளுக்குள் எங்கேயோ லேசாகவும் இருந்தது. யாரும் பறக்காத இடத்தில் பறக்கலாம், அதற்கு அவளே சொல்லிவிட்டாள் என்று. எனக்கு அந்த வாக்கியம் வேண்டியிருந்தது. அதனால் எடுத்துக்கொண்டேன். போனில் அவள் கேட்டபோது தயங்கியதும் கருவி இல்லை. அவள் சொன்னதுதான் சரி.

நானே அவளைக் கேட்டிருக்க வேண்டும். உன்னைக் கேட்க வைத்தது நான் செய்ததிலேயே மோசமான காரியம். இனி ஒருபோதும் செய்ய மாட்டேன்.

இதை அம்மாவிடம் கொடு. கொடுக்காமல் இருக்க உனக்கு உரிமை உண்டு, ஆனால் கொடு. அவளுக்கு இன்று போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

கண்காட்சியில் நன்றாகச் செய்.

அப்பா

&nbsp;

மார்ச் 8

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம். அங்கே சூரியன் இறங்கத் தொடங்கியிருக்கும். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தைக் கொடுத்துவிட்டேன். அம்மா அதை இரண்டு தடவை படித்து, நான்காக மடித்து, லேபில் போடும் வெள்ளைக் கோட்டின் பைக்குள் வைத்துக்கொண்டாள். மறுநாள் கண்காட்சிக்கு மாதிரியைத் தயார் செய்யும்போது சின்ன உளியை எடுத்தாள். கட்டைவிரலால் சமமாக்கியிருந்த அந்த இடத்தை மட்டும் சுரண்டிக் கரடுமுரடாக்கினாள். மற்ற இடங்களுக்கெல்லாம் நான் பச்சையும் பழுப்பும் பூசினேன். அதற்கு ஒன்றும் பூச வேண்டாம் என்றாள். நான் "இங்கே இன்னும் யாரும் பறக்கவில்லை" என்று சீட்டு எழுதி ஒட்டினேன். விரிசல் விடவில்லை.

கூட்டத்துக்குக் குறைவில்லை. என் வகுப்பில் மூன்று பேர் பஞ்சு ஒட்டியிருந்தார்கள். எல்லோரும் என் பனிமூடியைத் தூக்கத் தூக்க, "அய்யோ, உள்ளே இவ்வளவு இருக்கா" என்றார்கள். ஒரு சின்னப் பெண் பென்குயின்கள் இனி எங்கே நிற்கும் என்று கேட்டு அழத் தொடங்கிவிட்டாள். தலைமை ஆசிரியை அந்த வெற்றிடத்தைக் காட்டி, முடிக்க நேரமில்லையா என்றார். அது முடிக்காத இடம் இல்லை, அது தெரியாத இடம் என்றேன். எனக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. முதல் பரிசு எரிமலைக்கு, அதில் புகை வந்தது.

அம்மா வேலை முடிந்து நேராக வந்தாள், விரல் நகத்தில் பிளாஸ்டரோடு. வந்தபோது கூட்டம் கலைந்துவிட்டது. மாதிரிக்கு முன்னால் அவளும் நானும்தான். உங்கள் மேசை விளக்கைத்தான் அதற்குப் பக்கத்தில் வைத்திருந்தோம், நிழல் விழுந்தால் மலைகள் நன்றாகத் தெரியும் என்று. அவள் பனிமூடியைத் தூக்கிப் பக்கத்தில் வைத்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"கனத்தை எடுத்தா நிலம் எழும்பும்னு எழுதியிருந்தாரே. எவ்வளவு நாளாகும்?" என்றாள்.

"பல ஆயிரம் வருஷம்மா."

அம்மா சிரித்தாள். "அவ்வளவு நாளைக்கு எனக்கு லீவு குடுக்க மாட்டாங்க."

பிறகு சொன்னாள், முதலாளியிடம் கிளைக்குச் சரி என்று சொல்லிவிட்டதாக. தேர்வு முடிந்ததும் நாங்கள் அந்த ஊருக்குப் போகிறோம். பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் கேட்டாகிவிட்டது. வீட்டைத் திருப்பிக் கொடுக்கிறோம். உங்கள் புத்தகங்களையும் துணிகளையும் பெட்டியில் போட்டு உங்கள் அலுவலகத்துக் கிடங்கில் வைக்க ஏற்பாடு செய்துவிட்டாள். மேசை பெரிது, கிடங்கில் இடமில்லை என்றார்களாம். அதை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். அந்த ஊரில் என் அறையில் சன்னலோரம் போடுவேன். நவம்பரில் நீங்கள் என்னைப் பார்க்க வரலாம் என்று அம்மா சொன்னாள். 'உன்னை' என்றுதான் சொன்னாள், 'நம்மை' என்று சொல்லவில்லை.

நீங்கள் எழுதியதைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று அம்மாவிடம் கேட்டேன். இந்தத் தடவை கேட்டது நான்தான் என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் கேட்டேன். அவள் என் கன்னத்தைத் தொட்டாள். "இனிமே நான் சொல்றதை அவருக்கு எழுதாதே. நீ உன்னோடதை எழுது. அது போதும்" என்றாள். அதற்குப் பிறகும் சில வார்த்தைகள் சொன்னாள். அவற்றை எழுத மாட்டேன். உங்களுக்கும் எனக்கும் அது கஷ்டமாக இருக்கும், ஆனால் சரி என்று படுகிறது. அந்தக் கட்டத்தைக் காலியாக விடுகிறேன். நீங்கள் அதில் எதையும் வரைய வேண்டாம்.

என்னோடதை எழுதுகிறேன். உங்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. நீங்கள் அங்கே இருட்டில் ரேடாரைத் துடைத்துக்கொண்டிருப்பீர்கள் என்று நினைத்தால் பாவமாகவும் இருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கின்றன. புதிய முகவரி தெரிந்ததும் அனுப்புகிறேன்.

வாக்குக் கொடுத்தபடி, கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதி முடிக்கிறேன். பள்ளிக் காவலாளி சாவிக்கொத்தோடு வந்து நேரமாகிவிட்டது என்றார். கூடத்து விளக்குகளைக் கோடியிலிருந்து வரிசை வரிசையாக அணைத்துக்கொண்டு வந்தார். பஞ்சுத் துருவங்களும் எரிமலையும் இருட்டுக்குள் போயின. கடைசியில் எங்கள் மேசையில் மட்டும் வெளிச்சம் இருந்தது, மேற்குத் தீவுகளின் நிழல் கிழக்கு வரை நீண்டிருந்தது. அம்மா பனிமூடியைத் திரும்ப வைக்கவில்லை. அதைத் தனியாகத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தாள். பிறகு குனிந்து, உங்கள் விளக்கையும் அணைத்தாள்.

அன்பு மகள்,
அகராதி